பன்னிரண்டாவது தொலைபேசி

ஒஸ்லோ, 25 ஓகஸ்ட் 2025

ஹரிப்ரியாவுக்கு,

நான் நலம். இஸ்தான்புல்லில் நீங்களும் நலமாக இருப்பீர்கள். நீங்கள் எத்தனை தரம் அழைத்தும் நான் தொலைபேசியை எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். உங்களோடு கதைத்தால் நான் இரண்டு வசனம் முடிப்பதற்குள் ஒன்றைத் திருத்திவிடுவீர்கள். கடதாசியில் அது நடக்காது. ஆகவே கண்காட்சி திறக்கும்வரை எல்லாம் கடிதம்தான். எங்கள் தபால்காரர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதால், கையால் எழுதிப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நான் இஞ்சை பிறந்து சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை படித்தவள். பிழை இருந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ஹெர்மன் தன் குரலைத் திருப்பிக் கேட்கிறார்.

ஜூலையில் நான் விடுமுறையில் நின்ற நேரம், நான் பதிவு செய்த நாற்பது நிமிடத்தை நீங்கள் பதினொரு நிமிடமாக வெட்டினீர்கள். அந்தப் பதினொன்றை அவருக்கும் அனுப்பினீர்கள். அவரிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது: ‘இது நான் பேசும் விதம் அல்ல. என் குரலை எடுத்துவிடுங்கள்.’ அனுமதித் தாளில் கையெழுத்து இல்லை.

குறொன்லாண்டில் பழைய வெதுப்பகத்தை மண்டபமாக்கி, சுவரில் பன்னிரண்டு பழைய தொலைபேசி மாட்டி, எடுத்துக் காதில் வைத்தால் யூதர் பேசிய பன்னிரண்டு மொழி கேட்கும் என்று அழைப்பிதழும் அடித்தாயிற்று. பாக்தாத், கொச்சி, ரோம், மொரோக்கோ எல்லாம் இருக்கிறது. ஒஸ்லோவில் பேசிய யிட்டிஷ்தான் பன்னிரண்டாவது. இந்த ஊரில் அதைத் தாய்மொழியாகக் கொண்டு எங்களுக்குக் கிடைத்தவர் எண்பத்துநாலு வயது ஹெர்மன் ஒருவர்தான். ஒக்டோபர் 12 திறப்புவிழா. ஒஸ்லோ கண்காட்சியில் ஒஸ்லோ இல்லையென்றால், மாப்பிள்ளை இல்லாத கலியாண வீடுதான்.

ஏன் வெட்டினீர்கள் என்று கூட்டத்தில் கேட்டேன். ‘யிட்டிஷ் நடுவே நோர்வே மொழி வந்தது, சுத்தம் செய்தேன். துஷாராவுக்கு அது உறுத்தாது, அவள் தமிழே பாதி நோர்வேஜியன், மீதி மலையாளம்’ என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அன்று முழுக்க உங்களோடு நோர்வே மொழியில்தான் கதைத்தேன்.

துஷாரா


இஸ்தான்புல், 28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள துஷாரா,

முன்பெல்லாம் எனக்கு ‘நீர்’ போடுவாய். இப்போது ‘நீங்கள்’. யாழ்ப்பாணத்தார் கோபத்தில் மரியாதை கூட்டுவார்கள் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கம் கோபம் வந்தால் மரியாதைதான் முதலில் போகும்.

உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. தேடிப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

என் பக்க நியாயத்தையும் கேள். ஒரு மொழிக்கு ஒரு தொலைபேசி. எடுப்பவர் இரண்டு நிமிடம்தான் நிற்பார். அந்த இரண்டு நிமிடத்தில் யிட்டிஷ் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஹெர்மன் நாலு வார்த்தை யிட்டிஷ், மூன்று வார்த்தை நார்வேஜியன் என்று கொடுத்தால் நான் என்ன செய்வேன்? குப்பை கொட்டவில்லை, அரிசியில் கல் பொறுக்கினேன்.

ஆனால் இங்கே வந்ததிலிருந்து அந்த நியாயம் எனக்கே ஆட்டம் காண்கிறது. நான் பதிவு செய்ய வந்திருக்கும் லதீனோவைப் பார். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஸ்பெயின் விரட்டிய யூதர்கள் கையோடு கொண்டுவந்த ஸ்பானியம். அதில் துருக்கி கலந்தது, கிரேக்கம் கலந்தது, பிரெஞ்சு கலந்தது, எபிரேயம் முதலிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஸ்பானியர் சொல்லும் பெயருக்கு ஆண்டவர் நாள் என்று பொருள். அந்த ஆண்டவர் இவர்களுக்கு ஆகாது. அரபியிலிருந்து ‘அல்ஹாத்’ எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பது போல அவ்வளவு சுலபமாக. யிட்டிஷும் அப்படித்தான் வளர்ந்தது. ஜெர்மன் மாவில் எபிரேயமும் ஸ்லாவ் மொழிகளும் சேர்த்துப் பிசைந்தது. இதில் போய் நான் எந்தக் கல்லைப் பொறுக்கினேன் என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

சரி, தோற்றேன். நார்வேஜியன் வார்த்தைகள் அத்தனையும் திரும்பச் சேர்த்துவிடு. ஹெர்மனிடம் என் சார்பில் வருத்தம் சொல். அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஹரி


ஒஸ்லோ, 5 செப்ரெம்பர் 2025

ஹரிப்ரியாவுக்கு,

அவர் கையெழுத்துப் போடவில்லை.

நீங்கள் சொன்னபடி யிட்டிஷ் நடுவே அவர் சொன்ன நோர்வேச் சொற்கள் ஒன்றுவிடாமல் ஒட்டினேன். மூன்று நாள் வேலை. உளுந்து வடையும் சுட்டுக்கொண்டு சாகெனெயில் அவர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். என்ன எண்ணெய் என்று ஹெர்மன் கேட்டார். நல்லெண்ணெய் என்று சொன்னதும் நாலு சாப்பிட்டார். அவர் மனைவி சோல்வைக் கோப்பி ஊற்றினார். அவர் தோத்தன் பக்கத்து விவசாயி மகள், நோர்வேக்காரி. இருவருக்கும் கலியாணமாகி ஐம்பத்தேழு வருடம்.

போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் இல்லை என்று தலையாட்டினார். என்ன குறை என்று கேட்டேன்.

“பிள்ளை, சொல்லெல்லாம் என்ர சொல்தான். ஆனால் இது ஆரோ விசரன் சுவரோடை கதைக்கிற மாதிரிக் கிடக்கு.”

ஹெர்மன் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நான் மொழிபெயர்த்தால் அப்படித்தான் வரும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் வருத்தம் சொன்னதாகச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள் இந்த வருடம் ஒக்டோபர் 2இல் வருகிறது. அதற்கு முன் ஒருவருக்குச் செய்த பிழைக்கு அவரிடமே நேரே மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கடவுளிடம் கேட்டால் கடவுள், ‘எனக்கென்ன தெரியும், அவனைப் போய்க் கேள்’ என்பாராம். ஆள் விட்டுச் சொன்னால் கணக்கில் வராதாம்.

“மூன்று தரம் கேட்டால் நான் மன்னிக்க வேணும். இல்லாட்டிப் பாவம் என்ர தலையிலை,” என்று சொல்லிவிட்டு ஐந்தாவது வடையை எடுத்தார். ஆள் கோபத்தை ரசித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. மகளைக் கொடுத்த வீட்டையும் எடுத்த வீட்டையும் சேர்க்கும் உறவுக்கு நோர்வே மொழியில் நல்ல சொல் இல்லை என்றார். யிட்டிஷில் அதற்கு ‘மெஹுதோனிம்’ என்று இருக்கிறதாம். எங்களிடம் ‘சம்பந்தி’ இருக்கிறது என்றேன். மனிதர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். பதினைந்து நிமிடம் இருவரும் எங்கள் சொந்தங்களின் சம்பந்திகளைப் பற்றிக் குறை கதைத்தோம். எல்லாம் ஒரே குறைதான்.

அது வேறு. கையெழுத்து இன்னும் இல்லை. இனி நீங்கள்தான் அவருக்கு எழுத வேண்டும்.

துஷாரா


இஸ்தான்புல், 11 செப்டம்பர் 2025

அன்புள்ள துஷாரா,

சுவரோடு பேசும் பைத்தியக்காரன் என்று அவர் சொன்னதை ஒரு வாரம் தூக்கிக்கொண்டு அலைந்தேன். விடை நேற்று ஒரு சமையலறையில் கிடைத்தது.

எஸ்டெரீனா என்று ஒரு அம்மா, எழுபத்தொன்பது வயது. லதீனோ பேசினால் தேன் சொட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பதிவுக்குப் போனால் அவர் தங்கை ரெய்னாவும் கூட உட்கார்ந்திருக்கிறார். அக்கா ஒரு வரி சொன்னால் தங்கை இரண்டு வரி மறுக்கிறார். என் புத்தி தெரியுமே, இடைஞ்சல் என்று ரெய்னாவைப் பக்கத்து அறைக்கு அனுப்பினேன். உடனே எஸ்டெரீனா வானொலிச் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு சொல்லும் சுத்தம், ஒன்றிலும் உயிர் இல்லை. பத்து நிமிடத்தில் அவரே நிறுத்தி, “நான் யாருக்குச் சொல்றேன்? உனக்கு லதீனோ புத்தகத்துலதான் தெரியும். அந்த மெஷினுக்கு அதுவும் தெரியாது. அவளக் கூப்பிடு,” என்றார்.

ரெய்னா வந்தார். அம்மா சுட்ட போரேக்கா என்ற கத்தரிக்காய்ப் பலகாரத்தில் சீஸ் எவ்வளவு என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் தொடங்கிய வாக்கியம் துருக்கியில் முடிகிறது. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் பிடிக்கிறாள். துஷாரா, அதுதான் லதீனோ. நான் எட்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன், நேற்றுத்தான் கேட்டேன்.

ஹோட்டலுக்கு வந்ததும் ஜூலையில் எழுதிய வெட்டுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நார்வேஜியன் வார்த்தைகளைத் தவிர இன்னொன்றும் வெட்டியிருக்கிறேன். ஒன்பதாம் நிமிடம், பதினான்கு, இருபத்திரண்டு, அப்புறம் பல இடங்கள். பக்கத்தில் ‘சமையலறைச் சத்தம்’ என்று எழுதியிருக்கிறேன். அது சோல்வைக்.

ஊரெல்லாம் எந்தச் சண்டை நடந்தாலும் நமக்கு அது கலப்பா சுத்தமா என்ற சண்டையாகத்தான் தெரியும். நீ கலப்புக்குக் கொடி பிடித்தாய், நான் சுத்தத்துக்குக் கொடி பிடித்தேன். நடுவில் அவர் தன் பெண்டாட்டியைக் காணோம் என்று சொன்னது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. தமிழர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

வெட்டாத பதிவு உன்னிடம் இருக்கிறது. அதை அப்படியே போட்டுக் காட்டு. ஹெர்மனுக்கு என் ஓட்டை நார்வேஜியனில் ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் திருத்தாதே.

ஹரி


ஒஸ்லோ, 18 செப்ரெம்பர் 2025

ஹரி,

உம்முடைய கடிதத்தைச் சோல்வைக் சத்தமாக வாசித்தார். ‘உங்கள் மனைவியை நான் பாத்திரம் என்று நினைத்தேன்’ என்ற இடத்தில் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

பிறகு நாற்பது நிமிடத்தையும் போட்டேன். நான் பதிவு செய்ததுதான், ஆனால் அவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கும்போது வேறாக இருந்தது. ஹெர்மன் யிட்டிஷில், தகப்பன் லிதுவேனியாவிலிருந்து வந்து ஒஸ்லோவில் தொப்பிக் கடை போட்டதைச் சொல்லத் தொடங்குகிறார். குசினியிலிருந்து சோல்வைக் நோர்வே மொழியில், ‘முதலில் குடை விற்றார், தொப்பி பிறகு’ என்கிறார். ஹெர்மன் யிட்டிஷில் ‘ஓம், குடை’ என்று திருத்திக்கொண்டு போகிறார். போர்க்காலத்தில் கைக்குழந்தையாகத் தன்னைச் சுவீடனுக்குத் தூக்கிப்போன கதையில் ஒரு ஊரின் பெயரை மறந்து நிற்கிறார். அவர் பிறந்து ஒரு வருடம் ஆகியிருந்த காலத்துக் கதையில் அந்தப் பெயரை எடுத்துக் கொடுப்பது தோத்தன் விவசாயி மகள். மாமியாரிடம் கேட்டு வைத்திருக்கிறார்.

“ஐம்பத்தேழு வருசமா நான் யிட்டிஷிலை கேட்கிறன், இவ நோர்வேயிலை மறுமொழி சொல்லுறா. பெற்றோர் போனபிறகு இந்த வீட்டிலை இவ ஒருத்திதான் எனக்கு யிட்டிஷ் கேட்கிற ஆள். இவவை எடுத்துப்போட்டு என்ர மொழி எண்டு எதைக் காட்டப் போறியள்?” என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்று தரம் கேட்க வைக்கவில்லை, முதல் தரத்திலேயே விட்டுவிட்டார். சோல்வைக்கும் தன் பங்குக்கு ஒரு கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது தொலைபேசி இருக்கிறது. நான் தி-பானே ரயிலில் வீட்டுக்கு வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன், முன்னால் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

இனி எனக்காக ஒன்று. கூட்டத்தில் நடந்ததை ஹெர்மனுக்கு முன்பே சொல்லியிருந்தேன். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது அவர் கேட்டார்: “உன்னட்டையும் அவ மன்னிப்புக் கேட்டவவோ?”

இல்லை என்றேன்.

உண்மைதானே, ஹரி. ஹெர்மனுக்கு என் மூலம் ஒரு தரம், நேரே ஒரு தரம் வருத்தம் சொன்னீர். எனக்கு எழுதியதில் பகிடி இருந்தது, நியாயம் இருந்தது, தோற்றேன் என்று இருந்தது. அது மட்டும் இல்லை. நான் இஞ்சை வேலை செய்யும் இடத்தில் எனக்குத் தமிழ் கதைக்க நீர் ஒருத்திதான் இருக்கிறீர். நீர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து உமக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் தொலைபேசியை எடுக்கவில்லை. திருத்துவீர் என்று சொன்னது பாதிக் காரணம். இது மிச்சப் பாதி.

துஷாரா


இஸ்தான்புல், 25 செப்டம்பர் 2025

துஷாரா,

ஆறு தரம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நகைச்சுவை வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். இதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. பதினேழு வயதில் சென்னைக் கல்லூரிக்குப் போன முதல் நாள் விடுதியில் வாயைத் திறந்தேன். “நீ மலையாளியா? தமிழ் எப்போ கத்துக்கிட்டே?” என்றார்கள். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு என் பேச்சைச் சுரண்டி எடுத்தேன். இன்றைக்கும் அம்மா போனில், “சோறு தின்னியா மக்கா?” என்று கேட்டால், பக்கத்தில் யாராவது இருந்தால் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பதில் சொல்கிறேன்.

எனக்கு விழுந்த அதே அடியை, அதே வார்த்தையில், அதே மாதிரி கூட்டத்தின் நடுவில் உனக்குக் கொடுத்தேன். வலிக்கும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் அந்த அறையில். என்னைச் சிரித்தவர்கள் பக்கம் நானும் ஒருநாள் நின்றுவிட்டேன் என்ற திருப்தி அந்த ஒரு நொடி எனக்கு இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உண்மை இதுதான்.

உன் தமிழ் எனக்குப் பிடிக்கும். ‘வடிவு’ என்று நீ சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல்லை எங்கள் பாட்டெழுதியவர்கள் மட்டும் வைத்துக்கொண்டு நாம் தொலைத்துவிட்டோமே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். அதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. திருத்த மட்டும் வாய் வந்தது.

நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

திறப்புவிழாவுக்கு நான் வரலாமா என்பதை நீயே முடிவு செய். வேண்டாம் என்றால் இங்கிருந்தே வேலையை முடித்துக் கொடுப்பேன்.

ஹரிப்ரியா


ஒஸ்லோ, 30 செப்ரெம்பர் 2025

ஹரி,

இன்று மத்தியானம் தொலைபேசிகளைப் பரிசோதிக்க ஹெர்மனையும் சோல்வைக்கையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டேன். நாளை பின்னேரம் அவர்களுடைய விரதம் தொடங்குகிறது, அதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்றார் ஹெர்மன்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்கள். கொச்சிப் பெண்கள் கலியாணப் பாட்டுக் கொப்பி பார்த்துப் பாடுவதைக் கேட்டு, இதில் எனக்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஹெர்மன் விசாரித்தார். பாதி என்றேன். தனக்கு எபிரேயப் பெயர்கள் மட்டும் விளங்குகிறது, இரண்டு பேரும் சேர்ந்தால் முக்கால்வாசி என்றார். உம்முடைய எஸ்டெரீனாவும் ரெய்னாவும் சண்டை பிடிப்பதை இருவரும் இரண்டு தரம் கேட்டார்கள். குர்திஸ்தான் யூதரின் அரமேயத்தைக் கேட்டபோது ஹெர்மன் நிமிர்ந்து நின்றார். பிரார்த்தனைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த மொழியில் யாரோ கோழி விலையைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

பன்னிரண்டாவதைச் சோல்வைக்தான் எடுத்தார். அது வெட்டில்லாத நாற்பது நிமிடம், நான் நடுவில் ஒரு இடத்திலிருந்து ஓட விட்டிருந்தேன். ஒஸ்லோ விரிகுடாவில் தான் எட்டுக் கிலோ கொட் மீன் பிடித்த கதையை ஹெர்மன் யிட்டிஷில் அளந்துகொண்டிருக்கிறார். பதிவில் அந்த இடத்தில் மட்டும் சோல்வைக்கின் குரல் இல்லை, கோப்பி எடுக்கப் போயிருக்க வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றவர் தொலைபேசி வாயைக் கிட்டப் பிடித்து, உள்ளே இருக்கும் ஹெர்மனுக்கு மறுமொழி சொன்னார்:

“நெய்ன், ஹெர்மன். ட்ரை கிலோ. நிஷ்ட் அக்ட்.”

எட்டு இல்லை, மூன்று கிலோ. யிட்டிஷில். பக்கத்தில் நின்ற உண்மையான ஹெர்மனுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

“உனக்குக் கதைக்கத் தெரியுமோ?”

“ஐம்பத்தேழு வருசம் கேட்டுக்கொண்டிருந்தால் கல்லும் கதைக்கும்.”

“பிறகேன் இவ்வளவு நாளும் கதைக்கேல்லை?”

சோல்வைக் தொலைபேசியை மெதுவாகத் தாங்கியில் வைத்தார். “ஆரம்பத்திலை ஒருக்கா கதைச்சனான், ஹெர்மன். உங்கட அம்மாவும் நீங்களும் சிரிச்சியள்.”

ஹெர்மனுக்கு அது நினைவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மனைவிக்கு முன்னால் போய் நின்று யிட்டிஷில் மெதுவாக ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்கு மொழி தெரியாமலே விளங்கியது. சோல்வைக்கும் யிட்டிஷிலேயே மறுமொழி சொன்னார், ஒரு சொல்தான். நான் வயர் சுற்றுகிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

வயரைக் கனநேரம் சுற்றினேன். ஐம்பத்தேழு வருடம் சோல்வைக் வாயை மூடியிருந்தார், நான் ஓகஸ்ட்டிலிருந்து ஐந்து கிழமை. இனி ஒரு கிழமையும் கூட எனக்கு வேண்டாம்.

நான் உம்மை மன்னித்துவிட்டேன், ஹரி. உம்முடைய கடிதத்தை வாசித்து முடித்த உடனேயே மன்னித்துவிட்டேன். திறப்புவிழாவுக்கு வாரும், அதற்கு முன் அழைத்தால் எடுப்பேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன், சோல்வைக் இடையில் வந்துவிட்டா.

துஷாரா